கபன் துணிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெண் மூன்று, ஆண் இரண்டு. ஐந்து பேரும் கீழக்கரையில் என் உம்மா எனக்குக் கொடுத்த இந்த வீட்டில்தான் பிறந்தார்கள். பெண்மக்கள் மூவரும் அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். மூத்த மகன் துபாயில் வேலை. ஊருக்கு வந்தால் இரண்டு தெரு தள்ளி அவன் பெண்டாட்டி வீட்டில் தங்குவான். இளையவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, என்னோடு இருக்கிறான்.

ஐந்து பேரில் ஒருவரும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் ஆண்மக்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒரு வருஷமாகிறது. காரணம் ஒரு பெட்டி. சின்னப் பெட்டி, உள்ளங்கையில் அடங்கும். அதில் இளையவன் செய்த தப்பு என்ன என்று ஊருக்கே தெரியும். நான் செய்தது என்ன என்று இளையவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கும் முழுசாகத் தெரியாது.

மூத்தவன் எதிரே இரண்டு தடவை சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் "டீ குடிக்கிறியா" என்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். எனக்குக் குர்ஆன் ஓத நன்றாக வரும். தமிழ் மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு பக்கம் எழுத ஒரு மதியம் ஆகிறது. ஆகட்டும். என்னை இனி யார் அவசரப்படுத்தப் போகிறார்கள்.

என் மாப்பிள்ளை, இந்த ஐந்து பேருக்கும் வாப்பா, நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர். கடைசி எட்டு வருஷம் எங்கள் சொந்த வண்டி. வெள்ளை நிறம், டீசல், டர்போ வைத்தது, ஏழு பேர் உட்காரலாம். அவருக்குக் கண் மங்கியதும் இளையவன் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவார். வேலை முழுக்க விமான நிலையம்தான். வெளிநாட்டு வேலைக்குப் போகிற சபுராளிகளை மதுரைக்குக் கொண்டுபோய் விடுவது, வருகிறவர்களை ஏற்றி வருவது. போகும்போது அழுகையும் வரும்போது அத்தரும் ஏற்றுகிற வண்டி என்று அவர் சொல்வார்.

ஏழு பேர், கூரை மேல் பெட்டிகள், உள்ளே ஏசி. இப்படி ஏற்றினால் வண்டி மூச்சு வாங்கும். இளையவன் இதை போனில் காக்காவிடம், மூத்தவனிடம், சொல்லியிருக்கிறான். அந்தத் தடவை மூத்தவன் லீவில் வந்து சூட்கேஸைத் திறந்தபோது, கம்பளிக்கும் பால்பவுடருக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். இரண்டு பக்கமும் ஒயர் தொங்கியது.

"எனக்குச் சுகர் பாக்குற மெஷினா வாப்பா?" என்று மகனைக் கேட்டேன்.

"உனக்கு இல்ல உம்மா. இது வண்டிக்குச் சுகர் ஏத்துற மெஷின்" என்றான்.

வீடே சிரித்தது. பிறகு அவன் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னான். "இந்த வண்டிக்கு ஒரு மூளை இருக்கு. டீசல் எவ்வளவு அழுத்தத்துல போகுதுன்னு ஒரு சென்சார் அதுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். நடுவுல இந்தப் பெட்டிய வச்சிட்டா, அழுத்தம் கொறச்சலா இருக்குன்னு இது மாத்திச் சொல்லும். மூளை அத நம்பி இன்னும் டீசலத் தள்ளும். டர்போ இருக்கதுனால காத்துக்கும் கொறவில்ல. வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஆக, நடுவுல உக்காந்து பொய் சொல்றதுக்கு ஒரு ஆளு."

"பொய்னு ஏன் வாப்பா சொல்றீங்க. அங்கன எல்லாரும் போடுறாங்க."

"அங்கன ரோடு இருக்கு. இங்கன மாடு இருக்கு."

அன்று சாயங்காலம் முற்றத்தில் வைத்து மாட்டினார்கள். மூத்தவன் போனில் படம் பார்த்துச் சொல்லச் சொல்ல, இளையவன் செய்தான். சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் வண்டியைச் சும்மா விட வேண்டும். என்ஜின் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், அந்த மூளையும் அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒயரில் கை வைக்கலாம். பத்து நிமிஷமும் இரண்டு பேரும் பானெட்டில் சாய்ந்து ஒரே தட்டில் வட்டிலப்பம் தின்றுகொண்டு நின்றார்கள். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு இளையவன் குனிந்து, சென்சார் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கியை நகத்தால் மெல்லத் தூக்கி ஒயரைப் பிரித்தான். பெட்டியின் ஒரு முனையை இங்கே, மறு முனையை அங்கே சொருகினான். பேட்டரிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து இழுத்துக் கட்டினான். சாவியைத் திருப்பியதும் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு திருகு உண்டு. மூத்தவன் மூன்றில் வைத்தான். "இதுக்கு மேல போவாதலே. ஒம்பது வரைக்கும் இருக்குன்னா அது விக்கிறதுக்குப் போட்ட நம்பரு" என்றான்.

ஏர்வாடிப் பக்கம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். நானும் ஏறினேன். முன் சீட்டு எனக்கு வேண்டும் என்றேன். இளையவன் ஊரைத் தாண்டியதும் மிதித்தான். முதுகை யாரோ சீட்டோடு வைத்து அமுக்கியது போல இருந்தது. உள்ளேயிருந்து மெல்லிசாக விசில் மாதிரி ஒரு சத்தம். முன்னால் போன பஸ் பக்கத்தில் வந்து, பின்னால் போய், சின்னதாகிவிட்டது.

பின் சீட்டில் அவர் மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, பஸ்ஸுக்காரன் உன்ன என்ன செஞ்சான்?" என்றார்.

"சும்மா வாங்க. கிழவியானதுக்கு அப்புறமாவது ஒரு வேகம் பாக்குறேன்" என்றேன்.

"உன் வேகத்தத்தான் அம்பது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேனே புள்ள."

மூத்தவன் துபாய்க்குத் திரும்பிய பிறகு அந்தப் பெட்டி என் வாயில்தான் அதிகம் இருந்தது. கல்யாண வீடு, கத்தம் ஓதுகிற வீடு, எங்கே போனாலும் நான்கு பெண்கள் கூடினால் சொல்வேன். என் மூத்தவன் வாங்கிக் கொடுத்தது, என் இளையவன் மாட்டியது, மூன்று மணி நேர மதுரை எங்கள் வண்டிக்கு இரண்டே கால் மணி. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அவருக்குப் பிடிக்கவில்லை. பின் பம்பரில் கறுப்பாகப் படிந்ததைத் துணியால் துடைத்து என்னிடம் காட்டுவார். "வண்டிக்குச் சுர்மா போட்டது யாரு, உன் பெட்டிதானே?" அப்போதெல்லாம் அது என் பெட்டி. கிளட்ச் வாடை வருகிறது என்பார். ஏற்றத்தில் பழைய சத்தம் இல்லை என்பார். நான் காதில் வாங்கவில்லை. மூத்தவன் ஆசையாக வாங்கி வந்ததை இவர் குறை சொல்கிறாரே என்றுதான் எனக்கு இருந்தது.

ஒரு நாள் மதுரையிலிருந்து ஆள் ஏற்றி வரும்போது பரமக்குடிக்கு இந்தப் பக்கம் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்து வேகம் செத்துப்போனது. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் முந்திப் போகிற ஓட்டம். அழுத்தம் தாறுமாறாகப் போனால் என்ஜின் கெட்டுவிடக் கூடாது என்று அந்த மூளை தானே வேகத்தைக் கட்டிவிடுமாம். நிறுத்தி அணைத்து, ஆறவிட்டு, பெட்டியைக் கழற்றிய பிறகுதான் வண்டி வீடு வந்தது.

அவர் அந்தப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"இந்தா. உன் மகன் குடுத்தது, நீயே வச்சுக்க. இனி இது வண்டிக்குள்ள போகக்கூடாது. ஏறுறவன் உசுரு நம்ம கையில இருக்கு" என்றார்.

இளையவனையும் கூப்பிட்டு அதையே சொன்னார். அவன் சரி என்றான். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். மேல்தட்டில், நாங்கள் மக்காவுக்கு உம்ரா போனபோது ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்த, இறந்தால் உடுத்துகிற கபன் துணி இரண்டு இருந்தது. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அதற்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அங்கே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பெட்டி இல்லாமல் வண்டி முன்பு போல ஓடியது. மதுரைக்கு மூன்று மணி நேரம்.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் நெஞ்சு வலி என்று படுத்தார். நான்காம் நாள் டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். மூத்தவன் டிக்கெட் எடுத்தான். உயிரோடு பார்க்கத்தான் எடுத்தான். அவன் அங்கே விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், இங்கே விடியற்காலை சுபுஹு பாங்கு சொல்லி முடிய, அவர் போய்விட்டார்.

போனில் சொன்னதும் மூத்தவன் ஒன்றுதான் கேட்டான். "உம்மா, நான் வார வரைக்கும் வாப்பாவ வச்சிருப்பீங்களா?"

"வச்சிருப்பேன் வாப்பா. நீ முகம் பாக்காம எடுக்க மாட்டேன்" என்றேன்.

அவனுடைய விமானம் பன்னிரண்டரைக்கு மதுரையில் இறங்கும். வெளியே வர ஒன்றே கால் ஆகும். இளையவன் விடிந்ததிலிருந்து ஏர்வாடிக்கும் பெரியபட்டினத்துக்கும் போய்ச் சொந்தக்காரர்களை ஏற்றி வந்துகொண்டிருந்தான். பத்து மணி வாக்கில் வண்டியை முற்றத்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து வாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்து அவன் மதுரைக்குப் போக வேண்டும்.

குளிப்பாட்டுகிறவர்கள் கபன் கேட்டார்கள். நான் அலமாரியைத் திறந்து அவருடைய துணியை எடுத்தேன். பக்கத்தில் பெட்டி இருந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. இரண்டே கால் மணி, இரண்டே கால் மணி என்று நான் ஊரெல்லாம் சொன்னது எனக்கே திரும்பி வந்தது. ஒரு கையில் கபன், ஒரு கையில் பெட்டி. கபனைப் பெரிய மகளிடம் கொடுத்துவிட்டு, அடுப்படி வழியாக முற்றத்துக்குப் போய் இளையவனைக் கூப்பிட்டேன்.

"இத மாட்டிட்டுப் போ."

அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாப்பா வேணாம்னு சொன்னாங்களே உம்மா."

"காக்கா வாப்பா முகத்தப் பாக்கணுமா வேணாமா?"

"பாக்கணும்."

"அப்ப மாட்டு."

"என்ஜின் கொதிக்குது. பத்து நிமிசமாவது ஆறட்டும்."

"பத்து நிமிசம் உனக்கு எங்கருந்து வருது? மாட்டுலே."

அவன் பானெட்டைத் தூக்கினான். கொக்கியை நகத்தால் தூக்கும்போது சூடு பொறுக்காமல் கையை உதறி, திரும்பப் பிடித்து இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மாட்டிவிட்ட சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மூணுல வைக்கிறேன்" என்றான்.

"கூட வை" என்றேன்.

எத்தனையில் வைத்தான் என்று நான் கேட்கவில்லை. ஏழு என்று பிறகு தெரிந்தது.

வண்டி தெருமுனை திரும்பியதும் என் கொழுந்தன், அவருடைய தம்பி, உள்வாசலில் வந்து நின்று கேட்டார். "மதினி, எப்ப எடுக்குறதுன்னு பள்ளிவாசல்ல கேக்குறாங்க. நாலு மணி அஸருக்கா, பொழுது அடைஞ்சி மஃரிபுக்கா?"

மஃரிபு என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேலை இல்லை. அவரே பல தடவை சொல்லியிருக்கிறார், இறந்தவர் மையத்தைக் காக்க வைக்கக் கூடாது என்று. அதுவும் என் மனசில் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெட்டிதான் இருந்தது. ஒன்றே காலோடு இரண்டே காலைக் கூட்டினேன். மூன்றரைக்கு வீட்டில் இருப்பான், அஸர் தொழுகைக்கு முன்னால் முகம் பார்த்துவிடுவான்.

"அஸருக்கு எடுத்துருங்க" என்றேன்.

"அவன் வந்து சேரணுமே மதினி."

"வந்துருவான். எங்க வண்டி ஓட்டம் உங்களுக்குத் தெரியாது."

பள்ளிவாசலில் அஸர் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஒன்றேகாலுக்கு, ஏறிவிட்டோம் என்று போன் வந்தது. வீட்டில் கூட்டம். சாம்பிராணிப் புகை. யாசீன் ஓதிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மணிக்கு, மானாமதுரையை நெருங்குகிறோம் என்று இளையவன் சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாளில், அவர் அப்படிக் கிடக்கும்போது, எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டரைக்கு மறுபடி போன். மகளிடமிருந்து வாங்கி நானே காதில் வைத்தேன்.

"உம்மா, வண்டி இழுக்கல. மஞ்ச லைட்டு எரியுது."

"பெட்டியக் கழட்டிப் போடு."

"கழட்டிட்டேன். பழைய ஒயரு உக்கார மாட்டேங்குது. கொக்கி ஒடைஞ்சி கெடக்கு. அணச்சி அணச்சிப் போட்டா கொஞ்ச தூரம் நல்லாத்தான் ஓடுது. அப்புறம் படுத்துக்கிருது."

"எங்க இருக்கீங்க?"

"மானாமதுரை தாண்டி ரெண்டு கிலோமீட்டர் கூட வரல."

பின்னால் மூத்தவன் குரல் கேட்டது. வேற வண்டி பிடிக்கிறேன் என்கிறான், கொஞ்சம் பொறுங்க காக்கா, இப்ப ஓடும் என்று இவன் சொல்கிறான். ஒவ்வொரு தடவை அணைத்துப் போட்டதும் அது ஓடியதுதான் கெடுதலாகப் போயிற்று. அடியோடு நின்றிருந்தால் அப்போதே இறங்கி வேறு வண்டி பிடித்திருப்பார்கள்.

போனை மகளிடம் கொடுத்தேன். என்ன உம்மா என்றாள். வந்துக்கிட்டிருக்காங்க என்றேன். ஒருவரிடமும் வேறு சொல்லவில்லை.

மூன்றரைக்கு, மையத்தை வைத்துத் தூக்கிப் போகிற சந்தூக் வந்துவிட்டது. கொழுந்தன் மறுபடி உள்வாசலுக்கு வந்தார். வேர்த்திருந்தார். மெதுவாகத்தான் கேட்டார்.

"மதினி, எங்கன வாரான்? வேணும்னா மஃரிபு தொழுதுட்டு அடக்குவோம். ஒரு தப்பும் இல்ல. நான் போய்ச் சொல்லிக்கிறேன்."

இதைத்தான் நான் ஒரு வருஷமாக விழுங்க முடியாமல் இருக்கிறேன். அவர் எனக்கு வழி விட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பெட்டியைப் பற்றி யார் யாரிடம் சொன்னேனோ அத்தனை பேரும் இருந்தார்கள். வண்டி ரோட்டில் கிடக்கிறது என்று அவர்கள் நடுவில் எனக்குச் சொல்ல வரவில்லை. சொன்ன நேரத்தை மாற்றி எனக்குப் பழக்கமும் இல்லை.

"பரமக்குடி தாண்டிட்டான். மையவாடிக்கே வந்துருவான். எடுங்க" என்றேன்.

அவன் பரமக்குடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். நடுவில் உட்கார்ந்து நான் மாற்றிச் சொன்னேன். அவர்கள் நம்பினார்கள். தூக்கினார்கள்.

சந்தூக் தெருவைத் தாண்டுகிற வரை கலிமாச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. மையவாடியில் கொழுந்தன் அரை மணி நேரம் குழியருகே எல்லோரையும் நிறுத்தி வைத்தாராம். என் பேச்சை நம்பித்தான் நிறுத்தினார். அதற்கு மேல் பொழுது இறங்கிவிடும் என்று இறக்கிவிட்டார்கள்.

மூத்தவன் கடைசியில் ரோட்டில் வந்த தண்ணீர் கேன் வண்டியை மறித்து ஏறி வந்து சேர்ந்தான். வரும்போது மஃரிபு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் போட்ட நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து, அவர் கிடந்த இடத்தைப் பார்த்தான். கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

"உம்மா, முகம் பாக்காம எடுக்க மாட்டேன்னு சொன்னியே" என்றான்.

நான் அழுதேன். அழுகை ஒரு பதில் மாதிரி ஆகிவிட்டது. அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை, மையவாடிக்குப் போய்விட்டான்.

இளையவன் வண்டியை உருட்டாத குறையாகக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டான். நான் அதற்குள், மாப்பிள்ளையை இழந்தவள் இத்தா இருக்கிற அறைக்குள் போய்விட்டேன். இடையில் ஒரு திரைதான். கூடத்தில் இரண்டு பேரும் பேசியது எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"அந்தப் பெட்டி எப்புடிலே வண்டிக்குள்ள வந்துச்சு?"

இளையவன் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"வாப்பா வேணாம்னு கழட்டுனத எங்கிட்ட போன்ல சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அவர் மௌத்தான அன்னைக்கே அத மாட்டுனியே, யாரு மாட்டச் சொன்னது?"

திரைக்கு அந்தப் பக்கம் இளையவன் என் அறைப் பக்கம் திரும்பினான். திரையின் கீழே அவன் கால் தெரிந்தது. பாதம் என் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி அந்தப் பக்கம் திரும்பியது.

"நான்தான் காக்கா. சீக்கிரம் வந்துறலாம்னு நானா மாட்டுனேன்."

"ஏழுல வச்சது?"

"அதுவும் நான்தான்."

"நான் ஒரு டாக்ஸி பிடிச்சிருந்தா வாப்பாவப் பாத்திருப்பேன்லே. நீ வண்டி கொண்டு வராம இருந்திருந்தாலே பாத்திருப்பேன்."

மூத்தவன் வாசலுக்குப் போகிற சத்தம் கேட்டது. போகும்போது, "இனி எங்கிட்டப் பேசாத" என்றான். கத்திச் சொல்லவில்லை. அவர் பெட்டியை என் கையில் கொடுத்த மாதிரிதான் சொன்னான்.

நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தாவில் இருக்கிற பெண் மகனிடம் பேசக் கூடாது என்று எந்த மார்க்கத்திலும் இல்லை.

நான்கு மாதமும் பத்து நாளும் அந்த அறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் முற்றத்தில் வண்டி தெரியும். ஒரு நாளும் அது கிளம்பவில்லை. இளையவன் ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டப் போய்விட்டான். வாடிக்கைக்காரர்கள் கேட்டு வந்தால், வண்டி சரியில்லை என்பான். கொக்கி மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்று மெக்கானிக் சொன்னாராம். இவன் மாற்றவில்லை. உப்புக்காற்றில் பானெட் ஓரம் பழுப்பு ஏறியது.

இத்தா முடிந்து வெளியே வந்த அன்று முதலில் வண்டியிடம்தான் போனேன். பானெட்டைத் தூக்கச் சொன்னேன். அந்த ஒயர் முனையில் பச்சைக் கட்டம் போட்ட கைலித் துணியைக் கிழித்துச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. உச்சி வெயிலில், காக்கா பக்கத்தில் நின்று கத்த, கட்டியிருந்த கைலியையே கிழித்து அந்த முனையைச் சேர்த்துப் பிடிக்கப் பார்த்திருக்கிறான். பெட்டி சீட்டுக்குக் கீழே கிடந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். இப்போது அதற்குப் பக்கத்தில் ஒரு கபன்தான் இருக்கிறது, என்னுடையது.

இளையவனிடம் அன்று கேட்டேன். "ஏன் வாப்பா காக்காகிட்ட எம்பேரச் சொல்லல?"

"மாட்டுனது என் கைதானே உம்மா" என்றான்.

"சொன்னது என் வாய்."

"வாப்பாவப் பாக்க முடியாமப் போச்சு. உம்மாவையும் காக்கா பாக்காமப் போயிறக் கூடாதுல்ல" என்றான். பானெட்டை மூடிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான்.

அவனுக்கு நான் மாட்டச் சொன்னது மட்டும்தான் தெரியும். அஸர் என்று நேரம் வைத்தது நான் என்று தெரியாது. கொழுந்தன் மஃரிபு வரை காத்திருக்கலாம் என்று வழி விட்டபோது, பரமக்குடி தாண்டிவிட்டான் என்று பொய் சொல்லி எடுக்க வைத்தது நான் என்று தெரியாது. வண்டி கெட்டது பெட்டியால். முகம் பார்க்க முடியாமல் போனது என்னால். பெட்டி கெடுத்ததை மஃரிபு சரி செய்திருக்கும்.

மூத்தவன் லீவில் வந்து பதினைந்து நாளாகிறது. தினமும் அஸர் தொழுதுவிட்டு என்னைப் பார்க்க வருகிறான். கூடத்தில் உட்கார்ந்து டீ குடிப்பான், காலை அமுக்கி விடுவான், இளையவன் வேலை முடிந்து வருவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவான். முற்றத்து வழியாக வருவதில்லை. வண்டி இருக்கிறதல்லவா. அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு விமானம். மதுரைக்கு யார் வண்டியிலோ போகப் போகிறான்.

ஐந்து பேரில் ஒருவரும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உண்மைதான், அப்படியே இருக்கட்டும். குனிய வேண்டியது என் தலை. அதை அவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் குனியாமல், அலமாரியில் இருக்கிற அந்தத் துணியை நான் உடுத்திப் போக முடியாது.

இந்த நோட்டு மூத்தவன் மகள் கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் வாப்பாவோடு வருவாள். என்ன எழுதுறீங்க வாப்பும்மா, என்ன எழுதுறீங்க என்று பதினைந்து நாளாக எட்டிப் பார்க்கிறாள். இன்றைக்கு இளையவனை வேனை விட்டுவிட்டு அஸருக்கே வரச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டான், முற்றத்தில் வண்டிப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மூத்தவன் கூடத்தில் டீ டம்ளரோடு இருக்கிறான். தம்பி இருப்பது அவனுக்குத் தெரியும். டீ இன்னும் முடியவில்லை.

இந்தா கண்ணு, வந்து என் பக்கத்துல உக்காரு. மொத வரியிலருந்து படிச்சுக் காட்டு. பிழ இருந்தா இருக்கட்டும், திருத்துறேன்னு நிறுத்தாத. நடுவுல உனக்கு அழுக வந்தாலும் நிறுத்தாத. கதவத் தொறந்து வச்சிட்டுச் சத்தமாப் படி, உன் வாப்பாவுக்கும் கேக்கணும், வெளிய இருக்குற உன் சாச்சாவுக்கும் கேக்கணும்.